காசிமேட்டு உப்பும் கனடா உப்பும்: வாசல் கதவு ஸ்டீலா, ஃபைபரா?

தம்பி, உங்கள் கேள்வியைப் படித்தேன். தண்டையார்பேட்டையிலிருந்து கனடா வந்து இரண்டு குளிர்காலம் பார்த்தாயிற்று, ஒன்டாரியோ மாகாணத்து ஆஷவாவில் பழைய வீடு ஒன்று வாங்கியிருக்கிறீர்கள். முன்வாசல் ஸ்டீல் கதவு அடிப்பக்கம் துருவேறி உப்பிக்கிடக்கிறது, இடுக்கு வழியாகக் காற்று வருகிறது. மாற்றினால் மறுபடியும் ஸ்டீலா, இல்லை ஃபைபர்கிளாஸா? ஊரிலிருந்து அம்மா வேறு, "பிளாஸ்டிக் கதவெல்லாம் ஒரு கதவா? தேக்குல போடு, வெளியில ஒரு கிரில் கேட் வை" என்கிறார். இதுதானே விஷயம்?

நான் ராயபுரம். இங்கே முதலில் ஸ்கார்பரோ, அப்புறம் ஏஜாக்ஸ் என்று பத்தொன்பது வருடம் ஓடிவிட்டது. இரண்டு வகைக் கதவும் போட்டு, இரண்டிலும் கையைச் சுட்டுக்கொண்டவன். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முன்வாசலுக்கு ஃபைபர்கிளாஸ் போடுங்கள். பக்கவாட்டு வாசலுக்கும், கராஜிலிருந்து வீட்டுக்குள் நுழையும் வாசலுக்கும் ஸ்டீல் போதும். காரணம் உப்பு.

உப்புக் காற்று இரும்பை என்ன செய்யும் என்று நம் பக்கத்து ஆளுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். ராயபுரத்தில் எங்கள் மாடி கிரில்லுக்கு ஒவ்வொரு பொங்கலுக்கும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, ரெட் ஆக்சைடு அடித்து, மேலே பெயிண்ட் அடிப்போம். ஆடி வருவதற்குள் அது மறுபடி செம்மண் நிறத்தில் பொரிந்து நிற்கும். கனடாவுக்கு வந்தபோது, கடலை விட்டுத் தள்ளி வந்துவிட்டோம், துருத் தொல்லை தீர்ந்தது என்று நினைத்தேன். ஒன்டாரியோ ஏரியும் நல்ல தண்ணீர்தானே. ஆனால் இந்த ஊர்க்காரர்கள் பனி உறையாமல் இருக்க உப்பைக் கையால் அள்ளி வாசற்படியில் வீசுகிறார்கள்! ஐந்து மாதம் அந்த உப்புத் தண்ணீர் கதவின் அடியில்தான் நிற்கிறது. பூட்ஸ் காலோடு வருகிறது, பனி வாரும் மண்வெட்டியோடு தெறிக்கிறது. ஸ்டீல் கதவின் தகடு துத்தநாகப் பூச்சு உள்ளதுதான். ஆனால் அதே மண்வெட்டி ஒரு கீறல் போட்டுவிட்டால் போதும், அங்கே ஆரம்பிக்கும். உங்கள் கதவு அடியில் உப்பிக்கிடப்பது இதனாலாகத்தான் இருக்கும். சில கதவுகளில் தகட்டுக்கு நடுவே விளிம்பில் மரச்சட்டம் இருக்கும், அதுவும் சேர்ந்து ஊறிப்போகும்.

ஃபைபர்கிளாஸ் என்றதும் அம்மா பிளாஸ்டிக் என்கிறார் அல்லவா, அவரைக் காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்துக்கு ஒரு நடை போய்வரச் சொல்லுங்கள். 2004 சுனாமிக்கு அப்புறம் கட்டுமரம் இருந்த இடத்தையெல்லாம் எது பிடித்தது? ஃபைபர் படகு, நம் பேச்சில் ஃபைபர் 'போட்டு'தானே. கண்ணாடி இழைப் பாயும் ரெசினும் சேர்ந்த அதே சமாச்சாரம்தான் இந்தக் கதவின் தோலும். நாள் முழுக்க உப்புத் தண்ணீரில் கிடந்து அலையில் அடிபடுகிற பொருள், உங்கள் வாசற்படி உப்புக்கா பயப்படும்? துருப்பிடிக்காது, மரம் மாதிரி ஐப்பசி மழையில் உப்பி இறுகவும் செய்யாது. பலமாக இடித்தால் விரிசல் விடலாம். அப்போதும் படகுக்குப் பார்ப்பதுபோல ரெசின் வைத்துச் சரிபண்ணலாம்.

ஸ்டீல் கதவின் கதை வேறு. நசுங்கும். எங்கள் ஸ்கார்பரோ வீட்டில் பக்கத்து வீட்டுப் பையன் அடித்த கிரிக்கெட் பந்து ஒன்று நடுக்கதவில் சரியாக ஒரு குழியை விட்டுப்போனது. வண்டி மாதிரி டிங்கரிங் பண்ணித் தட்டி எடுக்கலாம் என்று நினைத்தேன். முடியாது, தகட்டுக்குப் பின்னால் ஃபோம் ஒட்டியிருக்கிறது. பட்டி பார்த்து, தேய்த்து, பெயிண்ட் அடிக்கத்தான் வழி. ஸ்டீல் வாங்கினால் கேஜ், அதாவது தகட்டின் தடிமன் எண், என்னவென்று கட்டாயம் கேளுங்கள். மண்ணடியில் தகடு வாங்கியிருந்தால் தெரியும், எண் கூடக்கூடத் தகடு மெலியும். மலிவான கதவுகள் 24 கேஜ், அதாவது அரை மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேல். 20 கேஜ் என்றால் கிட்டத்தட்ட 0.9 மில்லிமீட்டர், கையால் தட்டினாலே வித்தியாசம் தெரியும்.

குளிர் விஷயத்தில் இரண்டுக்கும் பெரிய பேதம் இல்லை. இரண்டின் வயிற்றிலும் ஃபோம்தான். கண்ணாடி பதிக்காத கதவென்றால் இரண்டுமே ஆர்-5, ஆர்-6 அளவில் வரும். இந்த ஆர் எண் பெரிதாக இருந்தால் குளிரை அதிகம் தடுக்கும் என்று அர்த்தம். உள்ளே பாலியூரித்தேன் ஃபோமா என்று கேளுங்கள், அது பாலிஸ்டைரினைவிட மேல். மொத்தத் தேக்குக் கதவு இதில் இவற்றின் பக்கத்தில்கூட வராது. அம்மாவிடம் இதைச் சொன்னால் நம்பமாட்டார், விட்டுவிடுங்கள்.

கதவில் பெரிய கண்ணாடி வேண்டும் என்று வீட்டில் ஆசைப்படுவார்கள். அழகுதான், ஆனால் கண்ணாடி பெரிதாகப் பெரிதாக ஆர் எண் இறங்கிக்கொண்டே போகும்.

ஒரு சின்ன வித்தியாசம் மட்டும் நம் வீடுகளில் தெரியும். இட்லிப் பானை, ரசம், குக்கர் என்று குளிர்காலம் முழுக்கச் சமையலறையிலிருந்து ஆவி வந்துகொண்டே இருக்கும். மைனஸ் இருபதில் அந்த ஈரம் எங்கே சில்லென்ற இரும்பு இருக்கிறதோ அங்கே போய் முத்து முத்தாக நிற்கும். ஸ்டீல் கதவின் ஓரத்திலும், பூட்டின் உள்பக்கத்திலும் பனிப்பூ பூத்திருப்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள். தகடு குளிரைக் கடத்தும், ஃபைபர் அவ்வளவு கடத்தாது. பூட்டு எந்தக் கதவிலும் பூக்கும், அதற்குச் சமையலறை விசிறியைப் போடுங்கள்.

வெயிலையும் பாருங்கள். எண்ணூர் வெயிலில் வளர்ந்த நமக்கு இந்த ஊர் வெயில் ஒரு வெயிலா என்று தோன்றும். ஆனால் முன்வாசல் தெற்கோ மேற்கோ பார்த்திருந்து, கதவு கறுப்பிலோ கரும்பச்சையிலோ இருந்து, அதன் முன்னால் ஸ்டார்ம் டோர் என்கிற கண்ணாடிக் கதவும் இருந்தால், நடுவில் மாட்டிய சூடு வெளியே போக வழியில்லாமல் அடுப்பாகிவிடும். கதவில் பதித்த பிளாஸ்டிக் சட்டங்கள் வளையும், ஃபைபர் கதவுக்கும் அது ஆகாது. கருநிறத்தோடு ஸ்டார்ம் டோர் சேர்த்தால் வாரண்டி செல்லாது என்று போட்டிருக்கிற கம்பெனிகளும் உண்டு. அந்தத் தாளை வாங்கிப் படித்துவிட்டு நிறத்தை முடிவு செய்யுங்கள்.

விலை? ஃபைபர் கூடுதல்தான். எனக்கு வந்த கொட்டேஷன்களில் அதே அளவு கதவுக்கு வித்தியாசம் ஆயிரம் டாலர் அளவில் இருந்தது. உங்களுக்கு எப்படி வருமோ, மூன்று பேரிடமாவது கேளுங்கள். கை இறுக்கமாக இருந்தால் முன்வாசலுக்கே நல்ல கேஜ் ஸ்டீல் போட்டு, வருடா வருடம் கீறலுக்கு டச்சப் அடித்து, வாசற்படி உப்பைப் பனிக்காலம் முடிந்ததும் கழுவிவிட்டாலும் வண்டி ஓடும். ஊரில் கிரில்லுக்குச் செய்த வேலைதானே.

இப்போது நான் கையைச் சுட்டுக்கொண்ட இடம். ஏஜாக்ஸ் வீட்டுக்கு விலையுயர்ந்த ஃபைபர் கதவு வாங்கினேன். பொருத்த வந்த ஆள் மதியத்துக்குள் முடித்துவிட்டுக் கிளம்பினார், நானும் மகிழ்ந்து காபி கொடுத்து அனுப்பினேன். முதல் பனியில் பார்த்தால் பழைய கதவைவிட மோசமாகக் காற்று. பிரித்துப் பார்த்ததில் நிலைக்கும் சுவருக்கும் நடுவே பாதி இடத்தில் ஃபோமே இல்லை, மீதி இடத்தில் தப்பான ஃபோம். அது அளவுக்கு மேல் பொங்கி நிலையை உள்பக்கம் தள்ளி வளைத்திருந்தது. கதவு ஜன்னலுக்கென்று குறைவாகப் பொங்கும் ஃபோம் தனியாக விற்கிறது, அதைத்தான் அடிக்க வேண்டும். ஊரில் நல்ல நாள் பார்த்து, நிலைக்கு மஞ்சள் பூசி, நவதானியம் போட்டு வைக்கிறோமே, அந்த மரியாதையில் பாதியாவது இங்கேயும் நிலைக்குக் கொடுங்கள். கதவும் நிலையும் சேர்ந்தே வரும் ப்ரீஹங் செட்டாக வாங்குங்கள். உங்கள் பழைய நிலை எப்படியும் ஊறியிருக்கும், வெறும் கதவை மட்டும் மாற்றிப் பயனில்லை. படிக்கு அடியில் தண்ணீர் புகாமல் பட்டை போட்டிருக்கிறார்களா என்று நின்று பாருங்கள். வேலை நடக்கும்போது லீவு போடுங்கள் என்றே சொல்வேன்.

திருடன் பயமும் இதோடு சேர்ந்ததுதான். உதைத்துத் திறப்பவன் கதவை உடைப்பதில்லை, பூட்டு நாக்கு போய் உட்காரும் நிலைச்சட்டம்தான் பிளக்கும். அந்த இடத்துத் தகட்டுக்கு மூன்று அங்குல ஸ்க்ரூ போட்டுச் சுவருக்குள்ளிருக்கும் மரத்தூண்வரை இறக்கச் சொல்லுங்கள். ஒரு கை ஸ்க்ரூ செலவு. கிரில் கேட் வேண்டாம். ராத்திரியில் தீப்பிடித்தால் சாவி தேடிக்கொண்டு நிற்க முடியாது.

கராஜிலிருந்து வீட்டுக்குள் நுழையும் கதவுக்கு ஸ்டீல் என்றேன். அங்கே யாரும் அழகு பார்க்கப்போவதில்லை. ஆனால் அது தானாகச் சாத்திக்கொள்ள வேண்டும், இடுக்கு இல்லாமல் அடைய வேண்டும் என்பது ஒன்டாரியோ கட்டட விதி. வண்டிப் புகை வீட்டுக்குள் வரக்கூடாதல்லவா. கை நிறைய மளிகைப் பையோடு வரும்போது தொல்லையாக இருக்கிறதென்று அந்த ஸ்பிரிங்கைக் கழற்றிவிடுபவர்கள் நம்மவர்களில் உண்டு. செய்யாதீர்கள்.

இன்னொன்று, யாரும் முன்கூட்டிச் சொல்லமாட்டார்கள். ஸ்டீல் கதவில் காந்தம் ஒட்டும், மாவிலைத் தோரணத்தைக் காந்தக் கொக்கியில் மாட்டிவிடலாம். ஃபைபரில் ஒட்டாது. அதற்காக ஆணி அடித்துவிடாதீர்கள், ஓட்டை வழியே தண்ணீர் ஃபோமுக்குள் இறங்கும். மேலே கதவின் தலையில் தொங்கவிடும் பட்டைக் கொக்கி கிடைக்கிறது, மெல்லியதாகப் பார்த்து வாங்குங்கள், தடித்தது போட்டால் கதவு சரியாக அடையாது. படி அலுமினியம், அதில் மஞ்சள் நிற்காது. என் அம்மா முதல் தடவை வந்தபோது அதில் குங்குமம் மட்டும் வைத்துவிட்டு, கதவை விரலால் இரண்டு தட்டுத் தட்டிப் பார்த்தார். "இன்னாடா இது, நம்ம போட்டு மாதிரி கீது" என்றார்.