அணியை இருந்த இடத்திலேயே சுழற்றும் செயற்கூறு: கேள்வி பதில்

மதிப்பாய்வுக்காக எனக்கு வந்திருக்கும் நிரல்கள் எல்லாம் ஒரே வேலைக்கான செயற்கூறுகள், அதாவது பெயர் சொல்லி அழைக்கும் நிரல் துண்டுகள். ஓர் அணியையும் (வரிசையாக அடுக்கிய உறுப்புகளின் தொகுப்பு) ஓர் எண்ணையும் வாங்கிக்கொண்டு, உறுப்புகளை அத்தனை இடம் வலப்பக்கம் நகர்த்த வேண்டும். கடைசியில் வெளியே தள்ளப்படுபவை முன்னால் வந்து சேர வேண்டும். வேறொரு முழு அணியை உருவாக்கக் கூடாது. கீழே அணியின் நீளத்தை ந என்றும், நகர்த்தும் அளவைக் க என்றும் குறிக்கிறேன்.

கேள்வி: பைத்தானில் கடைசி க உறுப்புகளை வெட்டி, மீதியை அவற்றின் பின்னால் ஒட்டி, அதே பெயருக்கு ஒதுக்கினேன். செயற்கூறுக்குள் அச்சிட்டால் சரியாக வருகிறது. அழைத்த இடத்தில் பழைய வரிசையே இருக்கிறதே?

பதில்: புதிய பட்டியல் ஒன்றை உருவாக்கி, பெயரை அதன்மேல் மாட்டிவிட்டீர்கள். அந்தப் பெயர் செயற்கூறோடு முடிந்துபோகும். அழைத்தவர் கையில் பழைய பட்டியல் அப்படியே கிடக்கிறது. இடப்பக்கத்தில் பெயரை அடுத்துச் சதுர அடைப்புக்குள் முக்காற்புள்ளி இட்டு ஒதுக்கினால், பழைய பட்டியலின் உள்ளடக்கமே மாறும். அப்போதும் வலப்பக்கத்தில் ந உறுப்புகளுக்குத் தற்காலிக இடம் செலவாகிறது. அழைத்தவருக்கு மாற்றம் தெரிந்தால் போதும் என்றால் அதை ஏற்றுக்கொள்வேன், படிக்கவும் எளிது. கூடுதல் நினைவகம் கூடாது என்பது நிபந்தனை என்றால் திருப்பி அனுப்புவேன். இரண்டில் எது வேண்டும் என்று வேலை கொடுத்தவரிடம் முதலில் கேளுங்கள்.

கேள்வி: கடைசி உறுப்பை எடுத்து முன்னால் செருகுவதை க முறை செய்கிறேன். விடை சரி. மதிப்பாய்வில் ஏன் நிராகரித்தார்கள்?

பதில்: முன்னால் ஒன்றைச் செருகும்போதெல்லாம் மற்ற அனைத்தும் ஓரிடம் தள்ளி உட்கார வேண்டும். ஒரு லட்சம் உறுப்புகள், ஐம்பதாயிரம் இடம் என்றால் ஏறக்குறைய 500 கோடி நகர்வுகள். மும்முறை தலைகீழாக்கும் வழியில் (அடுத்த பதிலில் விளக்குகிறேன்) அதே வேலைக்கு ஒரு லட்சம் இடமாற்றங்கள் போதும்.

கேள்வி: அந்த வழியை மனப்பாடம் செய்துதான் எழுதுகிறேன். எது முதலில் என்று மறந்துவிடுகிறது. கல்லூரி மாணவன்.

பதில்: மனப்பாடம் வேண்டாம், தம்பி. 1 2 3 4 5 6 7 என்ற அணியை 3 இடம் வலப்பக்கம் சுழற்ற வேண்டும். முழுவதையும் தலைகீழாக்கினால் 7 6 5 4 3 2 1. பின்னால் இருந்த மூன்றும் முன்னால் வந்துவிட்டன, ஆனால் தங்களுக்குள் முறை மாறி நிற்கின்றன. முதல் மூன்றைத் திருப்பினால் 5 6 7. மீதி நான்கைத் திருப்பினால் 1 2 3 4. முதல் திருப்பல் கட்டுகளை இடம் மாற்றுகிறது, அடுத்த இரண்டும் கட்டுகளின் உள்வரிசையைச் சீராக்குகின்றன. பகுதிகளை முதலில் திருப்பி, முழுவதைக் கடைசியில் திருப்பினாலும் விடை அதுவே. ஆனால் அப்போது பிரிக்கும் இடம் ந கழித்தல் க. நீங்கள் தடுமாறுவது இங்கேதான் என்று நினைக்கிறேன். கணினி அறிஞர் டக் மெக்இல்ராய் இதை இரு கைகளின் பத்து விரல்களை வைத்தே விளக்கியிருக்கிறார். நீங்களும் செய்து பாருங்கள்.

கேள்வி: க எதிர்மறையாக இருந்தால் ஜாவாவில் நிரல் முறிகிறது. அதே கணக்கு பைத்தானில் ஓடுகிறது.

பதில்: பைத்தானில் −1-ஐ 5-ஆல் வகுத்தால் மீதி 4. ஜாவாவிலும் சி-யிலும் −1. அந்த எதிர்மறை எண் சுட்டெண்ணாக, அதாவது உறுப்பின் இட எண்ணாக, போய் முட்டுகிறது. கிடைத்த மீதியோடு ந-வைக் கூட்டி மறுபடி மீதி எடுங்கள், அல்லது ஜாவா 8 முதல் உள்ள, இந்த மீதியை எதிர்மறையாக்காமல் தரும் ஃப்ளோர்மாட்-ஐப் பயன்படுத்துங்கள். மீதி எடுப்பதற்கு முன்பே அணி காலியா என்று பார்த்துவிடுங்கள். காலியென்றால் சுழியால் வகுக்கிறீர்கள். பைத்தானும் அங்கே காப்பாற்றாது. இத்தகைய செயற்கூறு வந்தால் என் கண் முதலில் போவது இந்த இரண்டு வரிகளுக்குத்தான். வேகத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

கேள்வி: ஒவ்வோர் உறுப்பையும் நேராக அதன் இறுதி இடத்துக்கே அனுப்பும் சுற்று முறை இன்னும் வேகமானது அல்லவா? என் நிரல் ந 7, க 3 என்ற சோதனையில் தேறியது.

பதில்: 6, 2 கொடுத்துப் பாருங்கள். சுழியாவது இடத்தில் தொடங்கினால் 2, 4 என்று போய் மறுபடி சுழிக்கே வந்துவிடுவீர்கள். ஒற்றைப்படை இடங்கள் மூன்றும் தொடப்படாமல் நிற்கும். எத்தனை சுற்று தேவை என்பது ந, க இரண்டின் மீப்பெரு பொது வகுத்தி. 7, 3-க்கு அது 1 என்பதால் உங்கள் பிழை தப்பித்துவிட்டது. வேகத்தைப் பொறுத்தவரை, நகர்வுகள் குறைவு என்பது உண்மை. ஆனால் பெரிய அணியில் க இடம் விட்டு விட்டுத் தாவுவது பதுக்கு நினைவகத்துக்கு (அருகருகே உள்ள தரவைச் சேர்த்து வைத்துக்கொள்ளும் வேகமான சிறு நினைவகம்) ஆகாது. தலைகீழாக்குவது அடுத்தடுத்த இடங்களைத் தொட்டுப் போகும். அளந்து பார்க்காமல் தீர்ப்புச் சொல்ல மாட்டேன்.

கேள்வி: செயற்கூறின் பெயர் வெறும் 'சுழற்று'. பெயரைக்கூட மதிப்பாய்வில் குறை சொல்வீர்களா?

பதில்: சொல்வேன். ரூபியில் 1 2 3 என்பதை 1 இடம் சுழற்றினால் 2 3 1. பைத்தானின் டெக் என்ற இருமுனை வரிசையிலும் ஜாவாவின் நூலகத் தொகுப்பான கலெக்‌ஷன்ஸ்-இலும் 3 1 2. எல்லாம் அதே பெயர்தான்! ரஸ்ட் மொழியில் இடச்சுழற்சி, வலச்சுழற்சி என்று இரண்டு தனிப் பெயர்கள். அதுவே எனக்குப் பிடித்தது. ஒரு எச்சரிக்கை: ரஸ்ட்டில் க நீளத்தைவிடப் பெரிதானால் நிரல் நின்றுவிடும், மீதி எடுப்பது உங்கள் பொறுப்பு.

கேள்வி: எந்தச் சோதனைகள் போதும்?

பதில்: நீளம் 0 முதல் 10 வரை, ஒவ்வொன்றுக்கும் க −2ந முதல் 2ந வரை, வெட்டி ஒட்டும் எளிய வடிவத்தோடு ஒப்பிடுங்கள். உறுப்புகள் எல்லாம் வெவ்வேறாக இருக்கட்டும். ஒரே மதிப்பு பலமுறை வந்தால் பிழை மறைந்துகொள்ளும்.

கேள்வி: ஒவ்வொரு நொடியும் ஓர் இடம் சுழற்ற வேண்டியிருக்கிறது. எந்த வழி?

பதில்: எதுவும் வேண்டாம். தொடக்கச் சுட்டெண்ணை ஒரு மாறியில் வைத்து அதை மட்டும் நகர்த்துங்கள். படிக்கும்போது ந-ஆல் மீதி எடுத்தால் போதும். அணியை நினைவகத்தில் ஒரே தொடர் துண்டாக வேறொரு நூலகத்துக்குக் கொடுக்க வேண்டியிருந்தால் மட்டும் உண்மையில் சுழற்றுங்கள்.