கவுதாரிக்கு வேட்டைக் காலம் கேட்கலாமா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எங்க கொறங்காட்டு மேச்ச நெலத்துல கவுதாரி பெருகிக் கெடக்குதுங்க. வருசத்துல ரெண்டு மாசமாவது புடிக்க அனுமதி கேட்டு, ஊர்க்காரங்க கையெழுத்து வாங்கி, திங்கக்கெழமை கலெக்டராபீஸ்ல மனுக் குடுத்தோம். வனத்துறைக்கு அனுப்பிட்டோம்னு சீட்டு வந்துது, அத்தோட சரி. எங்க தப்பாப் போச்சுங்க?
– காங்கயம் பக்கத்து வாசகர்

பதில்: மனு போன இடம்தான் தப்பு. வேட்டைக் காலம் அறிவிக்கும் அதிகாரம் ஆட்சியருக்கு இல்லை, மாவட்ட வன அலுவலருக்கு இல்லை, சென்னையில் இருக்கும் தலைமை வனஉயிரினக் காப்பாளருக்கும் இல்லை. 1972-ல் வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்தபோது சிறுவேட்டை உரிமம் என்று ஒன்று இருந்தது. 1991-ல் வந்த திருத்தம் வேட்டை உரிமப் பிரிவுகளையே எடுத்துவிட்டது. பாதுகாக்கப்படும் உயிர்களைப் பட்டியலிடும் அட்டவணைகளை 2022-ல் சுருக்கித் திருத்தினார்கள். 2023 ஏப்ரல் 1 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. கவுதாரி இப்போது இரண்டாம் அட்டவணையில் வருகிறது. 9-ஆம் பிரிவு வேட்டையைத் தடுக்கிறது. வேட்டை என்றால் சுடுவது மட்டுமல்ல. கண்ணி வைப்பது, வலை விரிப்பது, பிடிக்க முயல்வது, முட்டை எடுப்பது, கூட்டைக் கலைப்பது எல்லாமே அதில் அடக்கம்.

இரண்டாம் அட்டவணை உயிரை ஓர் இடத்தில் குறிப்பிட்ட காலத்துக்குத் தீங்குயிர் (வேட்டைத் தடை நீங்கிய உயிர்) என்று அறிவிக்க 62-ஆம் பிரிவு மத்திய அரசுக்கு அதிகாரம் தருகிறது; அது வேட்டைக் காலம் ஆகாது. ஆகவே ஆண்டுதோறும் 'இரண்டு மாதம் அனுமதி' என்று வேட்டைக் காலம் வேண்டுமானால் சட்டத்தையே திருத்தியாக வேண்டும். ஒன்று, நாடாளுமன்றம் திருத்த வேண்டும். அல்லது மாநிலச் சட்டமன்றம் திருத்தம் கொண்டுவந்து குடியரசுத் தலைவர் ஒப்புதல் பெற வேண்டும். வனஉயிரினப் பாதுகாப்பு, மத்திய அரசும் மாநில அரசும் சட்டம் இயற்றக்கூடிய பொதுப்பட்டியலில் இருப்பதால் அந்த இரண்டாவது வழியும் ஏட்டளவில் உண்டு. 2017-ல் ஜல்லிக்கட்டுக்கு நடந்தது அப்படித்தான். ஆனால் அது வளர்ப்பு மாட்டைப் பற்றியது, திருத்தப்பட்டதும் வேறு சட்டம். ஜல்லிக்கட்டுக்குக் கிடைத்ததால் கவுதாரிக்கும் கிடைத்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்பிப் பணம் கொடுக்காதீர்கள்.

கேள்வி: அப்படியே நாடாளுமன்றத்துக்கு மனுப் போடணும்னா எப்படிங்க எழுதறது?
– தாராபுரம்

பதில்: மக்களவையில் மனுக்கள் குழு என்று ஒன்று இருக்கிறது. பொதுநலன் சார்ந்த கோரிக்கையை யார் வேண்டுமானாலும் அவைக்கு மனுவாகத் தரலாம். விதிகள் கறாரானவை என்பதால் பெரும்பாலான ஊர் மனுக்கள் வாசலிலேயே நின்றுவிடும்.

மனு இந்தியிலோ ஆங்கிலத்திலோ இருக்க வேண்டும். தமிழில் எழுதினால் இரண்டில் ஒரு மொழிபெயர்ப்பை மனுதாரர் கையெழுத்துடன் சேர்க்க வேண்டும். உங்கள் தொகுதி உறுப்பினரிடம் மேலொப்பம் வாங்கி, அவர் மூலமாகவே அவைக்குக் கொண்டுபோவது வழக்கம். பத்திரிகைத் துண்டு, பிரமாணப் பத்திரம், கடிதம் எதையும் பின்னால் இணைக்கக் கூடாது. சொல்ல வேண்டியதெல்லாம் மனுவுக்குள்ளேயே இருக்கட்டும்.

ரொம்பப் பேர் சறுக்குவது கையெழுத்துத் தாளில்தான். கோடு போட்ட நோட்டைக் கிழித்து, பெயரும் கையெழுத்தும் மட்டும் வாங்கி, கடைசியில் மனுவோடு பின் அடித்துவிடுகிறார்கள். அது செல்லாது. எத்தனை தாள் இருந்தாலும் ஒவ்வொன்றின் தலையிலும் கோரிக்கை வாசகம் திரும்ப எழுதப்பட்டிருக்க வேண்டும். கையெழுத்துப் போட்டவருக்கு எதற்குப் போட்டோம் என்று தெரிந்திருக்க வேண்டும் என்பதுதான் காரணம். முழுப்பெயர், முகவரி, கையெழுத்து மூன்றும் ஒரே வரியில் வரட்டும். மனு எழுதிய தாளிலேயே ஒருவராவது கையெழுத்திட்டிருக்க வேண்டும். எல்லாமே தனித்தாளில் இருந்தால் ஏற்க மாட்டார்கள்.

இதற்கு முன் கிராம சபையில் தீர்மானம் போடுவது நல்லது. தமிழ்நாட்டில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கூடும். கோரம், அதாவது குறைந்தபட்ச வருகை, பார்த்துக்கொள்ளுங்கள்: ஊராட்சி மக்கள்தொகை 500 வரை என்றால் 50 பேர், 3,000 வரை 100, 10,000 வரை 200, அதற்கு மேல் 300. வருகைப் பதிவேட்டில் தலை குறைந்தால் தீர்மானத்தைப் பிறகு யாரும் மதிக்க மாட்டார்கள். தீர்மான எண் போட்ட நகலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கொடுத்த மனு என்ன ஆனது என்று தெரியவில்லையா? 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமை மனுப் போடுங்கள். 30 நாளுக்குள் பதில் தர வேண்டும்.

கேள்வி: எங்க மருமகன் இருக்கிற விஸ்கான்சின்ல ஊர்மக்களே ஓட்டுப் போட்டு புறா வேட்டைக்குக் காலம் வாங்கினாங்களாமே?
– திருப்பூர்

பதில்: முழுக்க அப்படியல்ல, ஆனாலும் அந்த ஏற்பாடு கவனிக்கத் தக்கது. அமெரிக்க மாநிலமான விஸ்கான்சினில் ஆண்டுதோறும் ஏப்ரலில் ஒவ்வொரு கவுன்டியிலும் (நம் மாவட்டம் போன்றது) வேட்டை, மீன்பிடி பற்றிப் பொதுக் கருத்துக் கேட்பு நடக்கும். குடிமகன் யாரும் அங்கே தீர்மானம் கொண்டுவரலாம். அந்த முடிவு அரசுக்கு ஆலோசனைதான், கட்டளை இல்லை. துக்கப்புறா என்ற பறவையை அந்த மாநிலம் 1971-ல் சமாதானச் சின்னமாக அறிவித்திருந்தது. அதையே சுடலாமா என்று வழக்கு நடந்து, 2003-ல் முதல் வேட்டைக் காலம் வந்தது; 2004-ல் மாநில உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. பக்கத்து மிச்சிகனில் கதையே வேறு. 2004-ல் அனுமதித்த சட்டத்தை 2006-ல் மக்கள் வாக்கெடுப்பில் தள்ளிவிட்டார்கள்.

நமக்கு முக்கியமானது அடியில் இருக்கும் கணக்கு. அங்கே 1966-ல் தொடங்கிப் பல ஆண்டுகள் புறாவின் கூவலை எண்ணி வந்தார்கள். சூரியன் உதிக்க அரைமணி முன்பு கிளம்பி, ஒரே சாலையில் மைலுக்கு ஒரு இடமாக 20 இடங்களில் நின்று, இடத்துக்கு 3 நிமிடம் கேட்பார்கள். அந்த எண்ணிக்கையும் வைத்துத்தான் எத்தனை நாள், ஆளுக்கு எத்தனை பறவை என்று வரம்பு போட்டார்கள்.

"பெருகிக் கெடக்குது" என்ற சொல்லை எந்தக் குழுவும் ஆதாரமாக எடுத்துக்கொள்ளாது. கவுதாரியை இப்படி எண்ணுவது சிரமமே இல்லை. விடியலில் மூன்று அசையாக அடுக்கி அடுக்கிக் கத்தும், ஜோடி சேர்ந்தும் கத்தும். ஒரே திசையிலிருந்து மாறி மாறி வந்தால் ஒரு ஜோடி என்று எழுதுங்கள். அதே தடம், அதே மாதம், அதே நேரம், காற்றில்லாத நாள் என்று ஆண்டுதோறும் எண்ண வேண்டும். மழைக்குப் பின் ஒரு வருடம் கூடுதலாகக் கேட்பதை வைத்துப் பெருக்கம் என்று முடிவு கட்டாதீர்கள்.

எங்கள் கருத்தையும் சொல்லிவிடுகிறோம். கவுதாரி தரையில், கொழுக்கட்டைப்புல் தூரடியில் முட்டை வைக்கிற பறவை. கிளுவை வேலியை எடுத்துக் கம்பிவேலி போட்டால், கொறங்காட்டை மனையாகப் பிரித்தால், அது ஒதுங்க இடமில்லாமல் போய்விடும். புல்விதையும் கறையானும் பூச்சியும் தின்று பிழைக்கிறது. எண்ணிக்கை கையில் இல்லாமல் அதற்கு வேட்டைக் காலம் கேட்பதை நாங்கள் ஆதரிக்க மாட்டோம்.

கேள்வி: கவுதாரி கெடக்கட்டுங்க. மயில் வந்து நெலக்கடலை வெதையப் பூரா கிண்டிருது. அதுக்கு என்ன வழி?
– பல்லடம்

பதில்: இந்தக் குறை உண்மையானது, மனுப் போட வேண்டியதும் இதற்குத்தான். ஆனால் சரியானதைக் கேளுங்கள். மயில் முதல் அட்டவணை. 11-ஆம் பிரிவுப்படி முதல் அட்டவணை உயிரை வேட்டையாட அனுமதிப்பது மனித உயிருக்கு ஆபத்து, அல்லது மீள முடியாத காயம், நோய் என்றால் மட்டும். வெள்ளாமை சேதம் அதில் இல்லை. 62-ஆம் பிரிவில் தீங்குயிர் என்று அறிவிக்கவும் முடியாது. பயிர்ச் சேதத்துக்காக அனுமதி என்பது இரண்டாம் அட்டவணைக்குத்தான். காட்டுப்பன்றியில் 2025 ஜனவரியில் தமிழக அரசு இறங்கி வந்தது: காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வந்தால் சுடலாம், அதுவும் வனத்துறை ஆட்கள் மட்டும்.

மயிலுக்கு நீங்கள் கேட்க வேண்டியது நிவாரணம், வேலிக்கு மானியம். இரண்டும் மாநில அரசாணையிலேயே முடியக்கூடியவை. விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் கொடுங்கள். புல எண், பரப்பு, விதைத்த தேதி, சேதமான தேதி, தேதி தெரியும் படம், சிட்டா, அடங்கல் நகல் வையுங்கள். கிராம நிர்வாக அலுவலரும் வனக்காப்பாளரும் சேர்ந்து பார்வையிடும்படி அன்றே கேளுங்கள். மறுவிதைப்பு போட்டபின் காட்ட எதுவும் இருக்காது.

கேள்வி: துப்பாக்கி லைசென்சு இருக்குது. தோட்டத்துக்குள்ள வந்தா சுடலாமுங்களா?
– அந்தியூர்

பதில்: கூடாது. துப்பாக்கி உரிமம் ஆயுதச் சட்டத்தின் கீழ் வருவது. பறவையைச் சுட அது அனுமதி தராது. பட்டா நிலமானாலும் அதே சட்டம்தான். கவுதாரி, காட்டுக்காடை போன்றவற்றுக்கு 3 ஆண்டு வரை சிறை அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், இரண்டும் சேர்ந்தும் வரலாம். மயிலுக்குக் குறைந்தது 3 ஆண்டு, 7 வரை போகும். அபராதம் 25,000 ரூபாய்க்குக் குறையாது. விதையில் விஷம் கலந்து வைப்பதும் வேட்டைதான். அதைத் தின்கிற நாய்க்கும் கோழிக்கும் சேர்த்தே வினை வைக்கிறீர்கள்.