கரைல இழுக்க ரெண்டு சக்கர டிராலி: அந்த மூட்டை வண்டிய வாங்கிராதீங்கண்ணே

அண்ணே, ஐஸ்பெட்டி, நாலு தூண்டில், சேர், பை எல்லாத்தையும் ரோட்டுலருந்து கண்மாய் தண்ணி வரைக்கும் இழுக்கணும், கடைல பாத்த மூட்டை தூக்குற டிராலி சரிப்படுமான்னு கேட்டிருந்தீங்க. சரிப்படாதுண்ணே. அந்த குட்டிச் சக்கரம் சிமெண்ட் தரைக்குத்தான், கரிசல் சகதில எறங்குச்சுன்னா பொதஞ்சு நின்னுரும், அப்புறம் நீங்கதான் அத தூக்கிட்டு நடக்கணும்.

அதுக்குப் பதிலா வெல்டிங் பட்டறைல சொல்லி ஒரு வண்டி செஞ்சுக்கங்க. சக்கரம் பெருசா, பட்டை அகலமா இருக்கணும். காத்தடிக்கிற டயர் மணல்ல நல்லா ஓடும், காத்த கொஞ்சம் கம்மி பண்ணா இன்னும் லேசா போகும், ஆனா நம்மூர் கண்மாய்க்கரை பூராம் சீமக்கருவேல முள்ளுதான, நான் மொத வாரத்துலயே ரெண்டு பஞ்சர் பாத்தேன். டியூபுக்குள்ள பஞ்சர் ஜெல் ஊத்துனதும் தொல்ல கொறஞ்சுச்சு. பஞ்சரே வேணாம்னா கெட்டி டயர் போடுங்க, வண்டி கனக்கும், அவ்ளோதான்.

முக்கியமா அச்சு எங்க வருதுன்னு பாருங்க. ஐஸ்பெட்டிதான் இருக்குறதுலயே கனம், அது அச்சுக்கு நேர் மேல, கைப்பிடி பக்கமா ஒரு துளி தள்ளி, தாழ்வா ஒக்காரணும். பின்னால போச்சுன்னா கைப்பிடி மேல எந்திரிக்கும், ரொம்ப முன்னால வந்தா மணிக்கட்டு போயிரும். வெல்டிங் பட்டறைக்கு போறப்ப பெட்டில தண்ணி பாட்டில நெப்பி கையோட கொண்டு போங்க, வச்சுப் பாத்துட்டு அச்ச பத்த வைக்கச் சொல்லுங்க. வெறும் வண்டிய வச்சு அளவெடுத்து நான் ஒருக்க ஏமாந்துட்டேன்.

கைப்பிடி இடுப்பு ஒசரம் வரணும், குனிஞ்சு இழுத்தா முதுகு பேசும். தூண்டிலுக்கு பிவிசி பைப்ப ஒரு முழம் வெட்டி ஓரத்துல கிளாம்ப் போட்டு முடுக்குங்க, அடில ஓட்ட விடுங்க, இல்லன்னா தண்ணி தேங்கும். போற கண்மாய் மீன்பிடி குத்தகைக்கு விட்டதான்னு மட்டும் முன்னாடியே விசாரிச்சுக்கங்க.