காசிமேடு என்றே போடுங்கள், தம்பி

கேள்வி: வட சென்னையில், மீன்பிடித் துறைமுகம் இருக்கும் காசிமேட்டில் இருக்கிறேன். வயது 27. விசைப்படகுகளுக்குப் பெயரும் நம்பரும் பிரஷ்ஷில் எழுதுவதுதான் தொழில். கடை போர்டு, சுவர் விளம்பரம், உருவப் படமும் செய்வேன். ஃபிளெக்ஸ் வந்த பிறகு போர்டு வேலை ரொம்பக் குறைந்துவிட்டது. இன்ஸ்டாகிராமில் ஒரு பக்கம் தொடங்கினேன். பார்ப்பவர்கள் எல்லாம் தெரிந்தவர்கள்தான். டிரெண்டிங் பாட்டுக்கு ரீல்ஸ் போடு, ஃபாலோயர்ஸைக் காசு கொடுத்து வாங்கு என்கிறான் நண்பன். காசிமேடு என்று போட்டால் வெளியாட்கள் தயங்குவார்கள், வெறும் சென்னை என்று போடு என்றும் சொல்கிறான். அண்ணா நகரில் கஃபே திறக்கப்போகும் ஒருவர், சுவர் முழுக்க இலவசமாக வரைந்து கொடுத்தால் தன் பக்கத்தில் டேக் செய்வதாகச் சொல்கிறார். என்ன செய்யட்டும்?

பதில்: தம்பி, முதலில் ஊர்ப் பெயர். காசிமேடு என்றே போடுங்கள். சென்னையில் போர்டு என்று தேடினால் பிரிண்டிங் கடைகள் வரிசையாக வந்து நிற்கும். மீன்பிடித் துறைமுகத்தில் படகுக்குக் கையால் பெயர் எழுதுகிறவர் என்று தேடினால் எத்தனை பேர் வருவார்கள்? வெளியாள் உங்களைத் தேடி வருவதற்கே அதுதான் காரணமாக இருக்கும். ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். வட சென்னை என்றாலே கத்தி, அடிதடி, அதற்கு ஒரு பின்னணி இசை என்று ஓடும் ரீல்ஸ் கூட்டத்தில் போய்ச் சேராதீர்கள். வியூஸ் வரும், வேலை வராது. அதோடு, விடியும் முன்பே ஏலத்துக்கு நிற்கிற ஜனங்களைப் பற்றி அந்த வீடியோக்கள் சொல்வது பொய். நீங்கள் அந்த ஜனங்களில் ஒருவர்.

முன்பின் தெரியாத ஒருவர் உங்கள் பக்கத்தைத் திறந்தால் என்ன வேலை, எந்த இடம், எப்படிப் பேசுவது, இந்த மூன்றும் உடனே தெரிய வேண்டும். இன்ஸ்டாகிராமில் தேடும்போது பெயர்க் கட்டத்தில் இருக்கும் சொற்களும் கணக்கில் வரும். அங்கே உங்கள் பெயருக்குப் பக்கத்தில் ‘படகு எழுத்து, தமிழ் போர்டு’ என்று தமிழிலும் இங்கிலீஷிலும் சேருங்கள். மூன்று பதிவுகள் எப்போதும் மேலேயே நிற்கும்படி ‘பின்’ (pin) செய்யலாம்: ஒரு படகு, ஒரு கடை போர்டு, ஒரு உருவப் படம்.

இனி எதைப் போடுவது. இங்கேதான் உங்களுக்கு ஒரு பெரிய வசதி இருக்கிறது. நம் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் எல்லாம் கரையில் நிற்கும், மராமத்து நடக்கும், புது பெயின்ட் ஏறும். உங்களுக்குத் தலைக்கு மேல் வேலை இருக்கும் நேரமும் அதுதான். அந்த இரண்டு மாதத்தில் எடுத்து வைக்கும் வீடியோ வருஷம் முழுக்கப் போட வரும். தினமும் ஏதாவது போட்டே ஆகவேண்டும் என்ற கவலை வேண்டாம். வாரத்துக்கு இரண்டு போதும், விடாமல் போடுங்கள்.

செல்போனை ஒரு ஸ்டாண்டில் நிறுத்திவிட்டு வேலையைப் பாருங்கள். சாக்பீஸ் தடவிய நூலை இழுத்துப் பிடித்துச் சுண்டுகிறீர்களே, பலகையில் வெள்ளைக் கோடு பளிச்சென்று விழுகிறதே, வீடியோ அங்கே தொடங்கட்டும். “வணக்கம் நண்பர்களே” எல்லாம் முதலில் வேண்டாம். படகின் முன்பக்கம், அதாவது அணியம், வளைந்திருப்பதால் எழுத்தை நேராகவே எழுதினாலும் தள்ளி நின்று பார்த்தால் சரிந்து தெரியும். அதைச் சரிக்கட்ட எங்கே இடைவெளி விடுகிறீர்கள், எந்த எழுத்தை ஒரு நூல் அளவு உயர்த்துகிறீர்கள் என்று நீங்களே வாயால் சொல்லுங்கள். ‘ழ’வின் கீழ்ச் சுழியைப் பிரஷ்ஷை எடுக்காமல் முடிக்கும் அந்த ஓட்டத்தைக் கிட்டத்தில் காட்டுங்கள். ஃபிளெக்ஸ் மெஷினிடம் இல்லாதது அதுதான். காசு கொடுப்பவர் அதற்குத்தான் கொடுப்பார்.

பாட்டு அவசியமே இல்லை. பிசினஸ் கணக்காக மாற்றினால் பல சினிமாப் பாட்டுகள் எப்படியும் கிடைக்காது. பக்கத்துப் படகில் தச்சர் அடிக்கும் சுத்தியல் சத்தம் போதும்.

ஃபாலோயர்ஸ் வாங்கவே வாங்காதீர்கள். ஒரு வீடியோவை எவ்வளவு நேரம் பார்க்கிறார்கள், எத்தனை பேர் லைக் போடுகிறார்கள், எத்தனை பேர் இன்னொருவருக்கு அனுப்புகிறார்கள் என்பதுதான் முக்கியம் என்று இன்ஸ்டாகிராம் தலைவர் ஆடம் மொஸ்ஸேரியே சொல்லியிருக்கிறார். காசுக்கு வந்த கணக்கு எதையும் பார்க்காது, யாருக்கும் அனுப்பாது. அந்தக் காசுக்கு நல்ல பிரஷ் வாங்கலாம். உங்களுக்கு வேண்டியது போர்டு வைக்க முடிவெடுக்கும் ஆட்கள்: கஃபே நடத்துகிறவர்கள், இன்டீரியர் வேலை செய்கிறவர்கள், கல்யாண டெக்கரேஷன்காரர்கள். அவர்கள் பக்கங்களைத் தேடிப் பின்தொடருங்கள், அவர்கள் வேலையைப் பற்றி உண்மையாக ஏதாவது சொல்லிப் பேச்சைத் தொடங்குங்கள். தமிழ்நாட்டில் கடைப் பெயர்ப்பலகையில் தமிழ் முதலில், பெரிதாக இருக்க வேண்டும் என்று விதியே இருக்கிறது. அழகாகத் தமிழ் எழுதத் தெரிந்த கைக்குத் தேவை இருக்கிறது.

உருவப் படம் வரைவதாகச் சொன்னதால் இது. ஒருவர் காசு கொடுத்துச் சொல்லி நீங்கள் வரைந்த படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், காசு கொடுத்தவர்தான் முதல் உரிமையாளர் என்கிறது 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 17-வது பிரிவு. நிறைய ஓவியர்களுக்கு இது தெரியாது. அதனால் ஆர்டர் எடுக்கும்போதே ‘இந்தப் படத்தையும் வேலை செய்யும் வீடியோவையும் என் பக்கத்தில் போட்டுக்கொள்கிறேன்’ என்று வாட்ஸ்அப்பில் அனுப்பி, சரி என்று பதில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். இறந்துபோன அப்பாவின் படம் என்றால் சட்டத்தை விடுங்கள், கேட்காமல் போடவே கூடாது.

ஒரே ஆப்பை நம்பியும் இருக்காதீர்கள். 2020 ஜூன் 29 அன்று டிக்டாக் தடை வந்தபோது, அதில் பெயர் எடுத்த எத்தனையோ பேருடைய உழைப்பு ஒரே ராத்திரியில் போயிற்று. ஒரிஜினல் வீடியோக்களைத் தனியாகச் சேமியுங்கள். வேலை கொடுத்தவர்கள் நம்பரை ஒரு நோட்டில் எழுதுங்கள். கடை இல்லாவிட்டாலும், வேலை செய்யும் பகுதியைக் காட்டி கூகுள் மேப்பில் இலவசமாகப் பதிவு செய்யலாம். வேலை முடித்துக் கொடுத்த இடத்தில் ஒரு ரிவ்யூ கேட்டு வாங்குங்கள். இன்ஸ்டாகிராம் கணக்குக்கு, பாஸ்வேர்டோடு இன்னொரு கோடும் கேட்கும் இரண்டடுக்குப் பாதுகாப்பை இன்றே போடுங்கள். காப்பிரைட் புகார் வந்திருக்கிறது, இந்த லிங்க்கைத் தொடு என்று மெசேஜ் வந்தால் தொடாதீர்கள். கணக்கைத் திருடுகிறவர்கள் அப்படித்தான் வருவார்கள்.

அப்புறம் அந்த கஃபேக்காரர். இனிமேல்தான் திறக்கப்போகிற கடையின் பக்கத்தைப் பார்க்க இன்னும் ஆளே இல்லை. அந்த டேக்கால் உங்களுக்கு என்ன வந்துவிடும்? கோபப்படாமல் பதில் அனுப்புங்கள்: “சுவர் முழுக்க என்றால் இவ்வளவு ஆகும். பட்ஜெட் இல்லை என்றால் வாசலில் கடைப் பெயரை மட்டும் தமிழில் எழுதித் தருகிறேன், அதற்கு இவ்வளவு. பெயின்ட் செலவு தனி, பாதி முன்பணம். மூலையில் என் பெயரும் நம்பரும் சின்னதாக இருக்கும், எழுதுவதை வீடியோ எடுத்துக்கொள்வேன்.” இதற்கு ஒத்துக்கொண்டால் நல்ல வேலை, எடுத்துக்கொள்ளுங்கள். இலவசம்தான் என்று நின்றால் விட்டுவிட்டு, அந்த நாட்களை உங்களுக்கு முன்பணம் கொடுத்த படகு ஓனருக்குக் கொடுங்கள்.