150 சிசி பைக்குக்கு 34 எம்எம் த்ராட்டில் பாடி மாட்டலாமா?

கேள்வி: அண்ணே, என்கிட்ட 150 சிசி எஃப்ஐ (ஃபியூல் இன்ஜெக்ஷன்) பைக் இருக்கு, கம்பெனி த்ராட்டில் பாடி 28 எம்எம். பழைய சாமான் கடையில 34 எம்எம் ஒண்ணு சல்லிசா வருது, மாட்டினா பிக்கப்பும் டாப் ஸ்பீடும் ஏறும்னு ஃப்ரெண்ட்ஸ் சொல்றாங்க. வாங்கலாமா? – ஒரு வாசகர், ஈரோடு

பதில்: வேணாம் தம்பி, காசைக் கையிலயே வச்சிருங்க. த்ராட்டில் பாடிங்கறது நீங்க முறுக்கற அளவுக்குத் திறந்து இன்ஜினுக்குக் காத்து விடற குழாய். 6 எம்எம்தானே கூடன்னு தோணும், ஆனா காத்து போறது வட்டத்தோட பரப்புல, 28க்கு சுமார் 616 சதுர எம்எம், 34க்கு 908, கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு ஆயிடுது.

சரி, உங்க இன்ஜினுக்கு எவ்ளோ காத்து வேணும்? ஃபோர் ஸ்ட்ரோக் ரெண்டு சுத்துக்கு ஒரு தடவைதான் இழுக்கும், 9,000 ஆர்பிஎம்ல நிமிஷத்துக்கு 4,500 தடவை, ஒவ்வொரு தடவையும் 150 சிசின்னா மொத்தம் 675 லிட்டர், அதுவும் சிலிண்டர் முழுசா நிரம்பினாத்தான். வாசலை அகலமாக்கினதால வீடு பெருசாகாது. ஃபுல் த்ராட்டில்ல அந்த 28 எம்எம் வழி மறிக்குதான்னு மட்டும்தான் பாக்கணும். த்ராட்டில் பாடிக்கும் இன்ஜினுக்கும் நடுவுல இருக்கற குழாய்ல, அதாவது மேனிஃபோல்டுல, உறிஞ்சலை அளக்கற வேக்யூம் கேஜ் மாட்டி (ஒத்த சிலிண்டர்ல முள்ளு ஆடிக்கிட்டே இருக்கும், ட்யூப்ல சின்ன ஓட்டை உள்ள அடைப்பு ஒண்ணு வச்சா அடங்கும்) டைனோல (வண்டியை நின்ன இடத்துலயே ஓட்டி பவர் அளக்கற மெஷின்) முழுசா முறுக்கி ரெட்லைன் (இன்ஜின் சுத்தலாம்ங்கற உச்ச ஆர்பிஎம்) பக்கம் பாருங்க, முள்ளு பூஜ்யத்துக்கிட்ட நின்னா த்ராட்டில் பாடி மேல தப்பே இல்ல. வேக்யூம் காட்டினாலும் அவசரப்படாதீங்க, ஏர் ஃபில்டர் அடைச்சிருந்தாலும் அப்படித்தான் காட்டும்.

அப்புறம் ஏன் உங்க ஃப்ரெண்ட்ஸுக்கு பிக்கப் ஏறின மாதிரி இருக்கு? பெரிய போர்ல (துளையில) கொஞ்சம் முறுக்கினாலே நிறைய காத்து உள்ள போயிடுது, முன்னாடி பாதி முறுக்குல வந்த இழுவை இப்ப கால்வாசியிலயே வருது, அவ்ளோதான், பவர் அதேதான். அதோட விலை டவுன் டிராஃபிக்ல தெரியும், மெதுவா ஊர்ந்து போகும்போது வண்டி வெட்டி வெட்டி போகும். இன்னொண்ணு, த்ராட்டில் எவ்ளோ திறந்திருக்குங்கறதை வச்சும் இன்ஜின் கம்ப்யூட்டரான ஈசியூ பெட்ரோலைக் கணக்கு போடுது, அதுக்கு 28 எம்எம் கணக்குதான் தெரியும், அதே திறப்புல காத்து கூடுனா மிக்ஸ்சர் லீன் ஆகும் (காத்துக்கு ஏத்த பெட்ரோல் இருக்காது), நிதானமா ஓட்டும்போது ஆக்ஸிஜன் சென்சார் ஓரளவு சரிக்கட்டும், திடீர்னு முறுக்கும்போது அதால முடியாது, வண்டி திணறும், இன்ஜின் சூடாகும். மேனிஃபோல்டு ரப்பரும் 28தான் இருக்கும், 34ஐ அதுல சொருகினா நடுவுல ஒரு படி விழுந்து காத்து அங்க முட்டும், போட்ட காசு அங்கயே போச்சு.

எப்ப மாத்தலாம்னா, சிலிண்டரை போர் பண்ணி (உள்ள குடைஞ்சு அகலமாக்கி) 180 சிசி ஆக்கினா. அப்பவும் சிசி கூடுன விகிதத்துக்கு பரப்பைக் கூட்டினா போதும், 180ஐ 150ஆல வகுத்தா 1.2, அதோட வர்க்கமூலம் 1.095, அதை 28ஆல பெருக்கினா 30.7 வரும். இன்ஜினையே பெருசாக்கினாலும் 31 எம்எம்தான் கேக்குது, 34 இல்ல. கூடவே ஈசியூ மேப்பையும் (அதோட பெட்ரோல் கணக்கு அட்டவணை) ட்யூன் பண்ணியே ஆகணும்.

இப்போதைக்கு இருக்கற த்ராட்டில் பாடியைக் கழட்டி பட்டர்ஃப்ளை (திறந்து மூடற தகடு) ஓரத்துல படிஞ்ச கரியை த்ராட்டில் க்ளீனர் போட்டு மெத்துன்னு துணியால துடைங்க, உப்புத்தாள் மட்டும் போடாதீங்க, ஏர் ஃபில்டரையும் புதுசா மாத்துங்க. துடைச்சப்புறம் ஐடில் (முறுக்காம நிக்கும்போது இன்ஜின் சுத்தற வேகம்) ஏறி இறங்குனா சர்வீஸ்ல ஸ்கேனர் வச்சு ரீசெட் பண்ணிக்கலாம்.