நாலாவது மென்பொருளைச் சேர்த்ததும் வரிசை மாறியது ஏன்?

எக்செல் சூத்திரத்தைத் தோண்ட வேண்டாம், இது ஏஎச்பி (AHP) முறையின் குணம்; அளவுகோல்களையும் தேர்வுகளையும் இரண்டிரண்டாக ஒப்பிட்டு, எடை போட்டு வரிசைப்படுத்தும் முறை அது. மூன்று ஈஆர்பி (நிறுவன நிர்வாக) மென்பொருள்களில் ‘அ’ முதலில் வந்தது, நாலாவதைச் சேர்த்ததும் ‘ஆ’ முந்திவிட்டது என்கிறீர்கள். பெல்டன், கியர் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1983-லேயே இதைச் சுட்டிக்காட்டிவிட்டார்கள்.

நாலாவது, ‘அ’வைப் போலவே இருக்கிறதா? அதுதான் என் சந்தேகம். ஒவ்வோர் அளவுகோலிலும் மொத்த மதிப்பெண் 1 ஆகும்படி பங்கிடுகிறோம். ஒன்றில் ‘அ’ 0.8, மற்ற இரண்டும் 0.1 என்று வையுங்கள். அதே சாயலில் இன்னொன்று வந்தால் ‘அ’வின் பங்கு 0.8 / 1.8, அதாவது 0.44 ஆகச் சரிகிறது. ‘ஆ’ வலுவாக உள்ள அளவுகோல்களில் இவ்வளவு அடி விழாது.

1. பங்கிடுவதை விட்டு, ஒவ்வோர் அளவுகோலிலும் எல்லா மதிப்பையும் அதிகபட்ச மதிப்பால் வகுங்கள். சிறந்தது 1 ஆகும். அப்புறம் எடைகளால் பெருக்கிக் கூட்டுங்கள். ‘அ’ மேலே வந்தால் காரணம் இதுதான்.

2. வராவிட்டால் முரண்பாட்டு விகிதத்தை (ஒப்பீடுகள் தமக்குள் எவ்வளவு பொருந்தவில்லை என்பதன் அளவை) பாருங்கள். 0.10-ஐத் தாண்டினால் ஒப்பீடுகளே ஒன்றோடொன்று முரண்படுகின்றன. ஒப்பீடு செய்த துறைத் தலைவர்களிடம் மறுபடி கேட்க வேண்டியதுதான். (அலுப்பான வேலை, தெரியும்.)

ஒன்று: நாலாவது ஏதாவதோர் அளவுகோலில் எல்லாவற்றையும் விடச் சிறந்தது என்றால், அதிகபட்சத்தால் வகுக்கும் முறையிலும் வரிசை மாறலாம். முதலிரண்டுக்கும் வித்தியாசம் 0.02 அளவுதான் என்றால் நான் அந்த எண்ணை நம்பிக் கையெழுத்துப் போட மாட்டேன்.