ஹாலோவீன்: ஊருக்கு ஒரு வழக்கம் (கேள்வி பதில்)

அக்டோபர் 31 நெருங்கிவிட்டது. பிள்ளைகள் வேடம் போட்டு வீடு வீடாக மிட்டாய் கேட்கும், பூசணியைக் குடைந்து விளக்கு வைக்கும் ஹாலோவீன் இரவு பற்றி வந்த கேள்விகளுக்கு ஒரே மூச்சில் பதில் சொல்லிவிடுகிறேன். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்ல வேண்டும்: "மெக்சிகோவின் ஹாலோவீன்", "போலந்தின் ஹாலோவீன்" என்று எழுதுவதைக் கண்டால் எனக்கு எரிச்சல் வரும். நாள்கள் அடுத்தடுத்து வருகின்றன, அவ்வளவுதான். அங்கே நடப்பது இறந்தவர்களை நினைக்கும் நாள், காரியம் வேறு.

மதுரையிலிருந்து: இது அமெரிக்கர்கள் உண்டாக்கிய பண்டிகைதானே?

பூசணிக்காய் மட்டும்தான் அவர்களுடையது. வேர் அயர்லாந்திலும் ஸ்காட்லாந்திலும் இருக்கிறது. அறுவடை முடிந்து குளிர்காலம் தொடங்கும் இரவை அங்கே 'சாவின்' என்று கொண்டாடினார்கள். 1840களின் உருளைக்கிழங்குப் பஞ்சத்தில் கப்பலேறிய ஐரிஷ் மக்களோடு வழக்கமும் அமெரிக்கா போய்ச் சேர்ந்தது. அங்கே பூசணி மலிவு, குடைவதும் எளிது. அதுவரை அவர்கள் குடைந்து விளக்கு வைத்தது டர்னிப் கிழங்கில். அயர்லாந்தின் டோனகல் பகுதியில் கிடைத்த அப்படியொரு டர்னிப் முகத்தின் வார்ப்பு, அதே நாட்டின் மேயோவில் உள்ள அருங்காட்சியகத்தில் இருக்கிறது. குழிந்த கண், இளித்த பல், வற்றிச் சுருங்கிய முகம். கடையில் விற்கும் பிளாஸ்டிக் பூசணியைப் பார்த்துக் குழந்தைகூடப் பயப்படாது. இதைப் பார்த்தால் பெரியவர்களே ஒரு கணம் தயங்குவார்கள்.

அயர்லாந்தில் இன்றும் 'பார்ம்பிராக்' என்ற உலர்திராட்சை ரொட்டியை வெட்டுகிறார்கள். துண்டுக்குள் மோதிரம் வந்தால் அந்த வருடம் கல்யாணம். பழைய நாளில் கந்தல் துணியும் வைப்பார்கள். அது வந்தவருக்கு வறுமை. இப்போது பேக்கரிகளில் பெரும்பாலும் மோதிரம் மட்டும்தான்.

நாகர்கோவிலிலிருந்து: கிறிஸ்தவர்கள் இதில் கலந்துகொள்ளலாமா?

அதை உங்கள் ஆயரிடம் கேளுங்கள், நான் வரலாற்றைச் சொல்கிறேன். எட்டாம் நூற்றாண்டில் திருத்தந்தை மூன்றாம் கிரகோரி ரோமில் சகல புனிதர்களுக்கும் ஒரு சிற்றாலயம் அர்ப்பணித்தார். பின்னர் நவம்பர் 1 அவர்களின் திருநாளாக நிலைபெற்றது. அதன் முந்தைய மாலைதான் ஹாலோவீன். மறுநாள் நவம்பர் 2 உங்களுக்கு நன்கு தெரிந்த கல்லறைத் திருநாள். கல்லறையைக் கழுவி, பூ வைத்து, மெழுகுவர்த்தி ஏற்றுகிறீர்களே, போலந்திலும் அதேதான் நடக்கிறது. நவம்பர் 1 அங்கே அரசு விடுமுறை. இரவில் கல்லறைத் தோட்டங்கள் ஆயிரக்கணக்கான கண்ணாடி விளக்குகளில் ஒளிரும். முகமூடியும் மிட்டாயும் அங்கே பிற்பாடு வந்த விருந்தாளிகள்.

சென்னையிலிருந்து: மெக்சிகோக்காரர்கள் மண்டையோட்டை ஏன் இவ்வளவு அலங்கரிக்கிறார்கள்?

பயமுறுத்துவதற்காக அல்ல, 'இறந்தோர் நாள்' அன்று வீடு வரும் ஆவிகளை வரவேற்பதற்காக. நவம்பர் 1 இறந்த குழந்தைகளுக்கு, 2 பெரியவர்களுக்கு. வீட்டில் படையல் மேடை அமைத்து இறந்தவரின் படம், ஒரு டம்ளர் தண்ணீர், உப்பு, மெழுகுவர்த்தி, அவருக்குப் பிடித்த சாப்பாடு எல்லாம் வைப்பார்கள். குடித்தவராக இருந்தால் டெக்கீலா, புகைத்தவராக இருந்தால் சிகரெட். மகாளய அமாவாசைப் படையலைப் பார்த்து வளர்ந்தவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வாசலிலிருந்து மேடைவரை செண்டுமல்லி இதழ்களைத் தூவி வழி போடுகிறார்கள். அந்த நிறமும் மணமும் ஆவிக்கு வழிகாட்டும் என்பது நம்பிக்கை. நம் ஊர் மாலைகளில் கோக்கிற அதே செண்டுமல்லிதான். அதன் பூர்வீகமே மெக்சிகோ. மேலே எலும்பு வடிவில் மாவு வைத்துச் சுட்ட இனிப்பு ரொட்டியும், சர்க்கரையில் வார்த்த மண்டையோடுகளும் உண்டு.

2008-இல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் இந்த மரபு சேர்க்கப்பட்டது. ஆனால் மெக்சிகோ நகரின் பிரம்மாண்ட ஊர்வலம் தொன்மையானது என்று நம்பிவிடாதீர்கள். 2015-இல் வந்த ஒரு ஜேம்ஸ் பாண்ட் படத்துக்காக அப்படியொரு ஊர்வலத்தைக் கற்பனை செய்து எடுத்தார்கள். அடுத்த ஆண்டே நகரம் அதை நிஜமாக்கிவிட்டது!

பக்கத்து நாடான குவாத்தமாலாவில், சும்பாங்கோ என்ற ஊரில், நவம்பர் 1 அன்று மூங்கில் சட்டத்தில் வண்ணக் காகிதம் ஒட்டிய ராட்சதப் பட்டங்களைக் கல்லறைத் தோட்டத்தருகே நிறுத்துவார்கள். மிகப் பெரியவை பறப்பதே இல்லை, பார்வைக்கு மட்டும்.

திருச்சியிலிருந்து: வீடு வீடாகப் போய் மிட்டாய் கேட்பது பிச்சை மாதிரி இல்லையா?

ஸ்காட்லாந்தில் இல்லை. வேடம் போட்ட பிள்ளை ஒரு பாட்டோ கவிதையோ நகைச்சுவைத் துணுக்கோ சொன்ன பிறகுதான் ஆப்பிளும் கடலையும் கிடைக்கும். அமெரிக்கா அந்த உழைப்பை நீக்கிவிட்டு, "தருகிறாயா, வம்பு செய்யட்டுமா" என்ற மிரட்டலை வைத்துக்கொண்டது. அந்த இரவில் பையன்கள் செய்த அட்டூழியம் தாங்காமல் ஊர்கள் அவர்களைத் தின்பண்டத்தால் சமாதானப்படுத்தத் தொடங்கியதும் ஒரு காரணம். என் ஓட்டு ஸ்காட்லாந்துக்கே.

பெங்களூரிலிருந்து: டோக்கியோவில் படிக்கிறேன். ஷிபுயா போகலாமா?

வேண்டாம். கூட்டமும் குடியும் அத்துமீறியதால் 2019-இல் அந்த வட்டாரம் ஹாலோவீன் நாள்களில் தெருவில் மது அருந்தத் தடை போட்டது. 2023-இல் மேயரே "வராதீர்கள்" என்று கேட்டுக்கொண்டார். 2022-இல் தென்கொரியத் தலைநகர் சியோலின் இத்தேவான் பகுதியில், ஒரு குறுகலான சரிவுச் சந்தில், ஹாலோவீன் கூட்ட நெரிசலில் 159 பேர் இறந்தார்கள். வேடம் போட ஆசை என்றால் நண்பர் வீட்டில் போடுங்கள்.

புதுச்சேரியிலிருந்து: நவம்பர் முதல் வாரம் பாரிஸ் போகிறேன். அங்கே கொண்டாட்டம் உண்டா?

பெரிதாக இல்லை. ஒரு எச்சரிக்கை மட்டும்: விருந்துக்கு அழைத்தவர் வீட்டுக்குச் செவ்வந்திப் பூ வாங்கிப் போகாதீர்கள். அங்கே அது கல்லறையில் வைக்கிற பூ.

டொரோண்டோவிலிருந்து: மகளுக்கு ஏழு வயது. இங்கே எங்களுக்கு இதுதான் முதல் ஹாலோவீன். எதுவும் தெரியாது, மிட்டாயில் விஷம் வைப்பார்கள் என்றும் பயமுறுத்துகிறார்கள்.

முகம் தெரியாத யாரோ விஷம் வைத்துக் குழந்தை இறந்ததாக உறுதியான சான்று இல்லை. 1974-இல் டெக்சஸில் நடந்த பிரபலமான வழக்கில் விஷம் வைத்தவர் பெற்ற தகப்பனே. ஆனாலும் உறை பிரிந்திருப்பதைத் தூக்கிப் போடுங்கள். கடலை ஒவ்வாமை இருந்தால் உறையில் அச்சிட்டதைப் படியுங்கள். உண்மையான ஆபத்து கார்தான்: இருட்டில் தெரிகிற உடை, கையில் ஒரு டார்ச், பார்வையை மறைக்காத முகச்சாயம். வாசல் விளக்கு எரிகிற வீட்டில் மட்டும் மணி அடியுங்கள். அணைத்திருந்தால் "வர வேண்டாம்" என்று அர்த்தம். குளிர்கோட்டு உள்ளே போகும் அளவுக்கு உடையை ஓர் அளவு பெரிதாக வாங்குங்கள். உங்கள் வீட்டிலும் மிட்டாய் வாங்கி வைத்து, யாராவது ஒருவர் வாசலில் இருங்கள்.